எல்லைக்கோடு நெஞ்சைப் பிரிக்குமா?

(மாணவர் தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கால்பந்தாட்டத்திற்கும் இனவரலாற்றிற்கும் என்ன தொடர்பு என்று இவ்வவையில் வியப்பார் சிலர் இருத்தல்கூடும். ஏட்டிலே எழுதப்பெறும் வரலாற்றில் வேண்டாதவற்றை மறைத்துவிடலாம், வேண்டியவற்றை மிகுத்துரைக்கலாம். ஆடுகளம் அத்தகையதன்று. பல்லாயிரவர் கண்முன்னே பதினொருவர் வரிசையாக நிற்கின்றனர். எந்த நிறச் சட்டையை அவர்கள் அணிந்துள்ளனர், எந்த நாட்டுப்பண்ணுக்குத் தலைநிமிர்கின்றனர், எதற்குத் தலைகவிழ்கின்றனர் என்பதை எவராலும் மறைக்கவியலாது. ஆகவேதான் ‘ஒருவன் எந்நாட்டவன்?’ என்னும் பழைய வினா, அரசவைகளிலும் முறைமன்றங்களிலும் எழுந்ததினும் கூர்மையாகக் கால்பந்துக் களத்தில் எழுந்துள்ளது.

அவ்வினாவிற்கு நால்வகை விடை கூறுவர். பிறந்த மண்ணே நாடு என்பர் ஒரு சாரார். பெற்றோர் குருதியே நாடு என்பர் மற்றொரு சாரார். வளர்த்துப் பயிற்றிய இடமே நாடு என்பர் வேறு சிலர். நெஞ்சம் எதனைத் தன்னதென்று சொல்கின்றதோ அதுவே நாடு என்பர் பிறர். இந்நான்கும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நாடு ஒன்றுண்டு. அது மேலைக்கடலில் மிதக்கும் பச்சைத் தீவாகிய அயர்லாந்து. அங்கு நிகழ்ந்தவற்றை நிரலே காண்பது இவ்வுரையின் நோக்கம்.

ஒரு தீவும் ஒரு கழகமும்

அயர்லாந்துத் தீவு 32 கோட்டங்களைக் கொண்டது. 1880இல் அத்தீவு முழுமைக்குமாகப் பெல்பாசுட்டு நகரில் ஒரு கால்பந்துக் கழகம் தோன்றியது. அக்காலத்தே அயர்லாந்து முழுதும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தது. எனினும் விளையாட்டில் அயர்லாந்து தனியணியாகவே நின்றது. அவ்வணி தன் முதலாட்டத்தை 1882இல் இங்கிலாந்தோடு ஆடி, 13-க்குச் சுழி என்னும் கணக்கில் தோற்றது. தோல்வி பெரிது, ஆயினும் ஆடியது அயர்லாந்து என்னும் பெயரில் என்பதே கருதத்தக்கது. ஆட்சியுரிமை இல்லாத காலத்தும் அணியின் பெயரில் அந்நாடு உயிர்த்திருந்தது.

பின்னர் வந்தது பிரிவினை. 1920இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், 1921 மே திங்களில் அத்தீவு இரண்டாக வகுக்கப்பட்டது. வடகிழக்கிலுள்ள 6 கோட்டங்கள் வட அயர்லாந்தாகிப் பிரித்தானியத்தோடு நின்றன. எஞ்சிய 26 கோட்டங்கள் விடுதலைப் போரின் விளைவாகத் தனியரசாகிப் பின்னர்க் குடியரசாயின. வடபகுதியில் பிரித்தானியத்தோடு இணைந்திருக்க விழைந்த சீர்திருத்தக் கிறித்தவர் பெரும்பான்மையினர். ஒன்றுபட்ட அயர்லாந்தை விழைந்த கத்தோலிக்கர் சிறுபான்மையினர். கோட்டின் வடபுறத்தே நின்றுவிட்ட அச்சிறுபான்மையினரின் நெஞ்சம் தென்புறத்தையே நோக்கி நின்றது. இவ்வுரையில் வரும் சிக்கல் அனைத்திற்கும் வேர் இதுவே.

நாடு பிளந்த அதே ஆண்டில் கால்பந்துக் கழகமும் பிளந்தது. கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் தபிளின் நகரத்துச் செல்போர்ன் அணியும் வடபுறத்துக் கிளெனவான் அணியும் பெல்பாசுட்டில் ஆடி, வெற்றி தோல்வியின்றி முடித்தன. மறுவாட்டம் தபிளினில் நடத்தல் வழக்கம். கழகமோ அதனையும் பெல்பாசுட்டிலேயே நடத்துமாறு ஆணையிட்டது. செல்போர்ன் மறுத்தது. நெடுநாட் புகைந்த நெருப்புக்கு அது காற்றாயிற்று. 1921 செபுதம்பரில் தபிளினில் தனிக்கழகம் எழுந்தது. 1923இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ‘பீபா’ அதனை உறுப்பாக ஏற்றது. 1924இல் பாரிசு ஒலிம்பிக்கில் அவ்விளம் அணி பல்கேரியாவை வென்று காலிறுதிவரை சென்றது.

இரண்டு கழகம், இருவர்க்கும் ஒரே பெயர்

கழகங்கள் இரண்டாயினும் இரண்டும் தம்மை ‘அயர்லாந்து’ என்றே அழைத்துக்கொண்டன. இரண்டும் தீவு முழுவதிலுமிருந்து ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தன. ஆதலின் ஒரே மாந்தன் இரண்டு அயர்லாந்துக்கும் ஆடும் விந்தை நிகழ்ந்தது. தபிளினில் பிறந்த சானி கேரி என்னும் பெருவீரர் 1946 செபுதம்பர் 28ஆம் நாள் பெல்பாசுட்டில் வடகழகத்தின் அயர்லாந்துக்காக இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். அடுத்த இரண்டாம் நாள், செபுதம்பர் 30இல், தபிளினில் தென்கழகத்தின் அயர்லாந்துக்காக அதே இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். மூன்று நாளுக்குள் இரண்டு அயர்லாந்து, மாந்தன் ஒருவன்! இதனை நகைப்புக்குரியதெனத் தள்ளிவிடலாகாது. கோடு கிழித்தவர் நாட்டை இரண்டென்றனர். கேரியின் கால்களோ ஒன்றென்றன.

இந்நிலை 1950வரை நீடித்தது. அவ்வாண்டின் உலகக்கோப்பைத் தகுதிப் போட்டிகளில் கான் மார்ட்டின் உள்ளிட்ட நால்வர், ஒரே கோப்பைக்கு இரண்டு அணிகளின் சார்பாகவும் ஆடினர். அதன்பின் தென்கழகம் தன் மண்ணிற் பிறந்தோரை வடவணிக்கு ஆடவேண்டா என வற்புறுத்தியது. பீபாவும் தலையிட்டது. 1950 மார்ச்சில் வேல்சை எதிர்த்து ஆடியதே வடகழகம் தீவு முழுவதிலுமிருந்து தெரிந்தெடுத்த இறுதி அணி. 1953, 1954ஆம் ஆண்டுகளில் பெயர்ச்சிக்கலும் தீர்க்கப்பட்டது. உலகப் போட்டிகளில் இருசாராருள் எவரும் வெறுமனே ‘அயர்லாந்து’ என்று அழைத்துக்கொள்ளலாகாது. ஒன்று ‘வட அயர்லாந்து’, மற்றொன்று ‘அயர்லாந்துக் குடியரசு’ என வரையறுத்தது பீபா.

பெயரிழத்தலின் நோவு மொழியுணர்வுடையார்க்கு விளங்கும். 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தம் நாட்டின் பெயர் ஐரிசு மொழியில் ‘ஏரே’, ஆங்கிலத்தில் ‘அயர்லாந்து’ என்று எழுதிவைத்தது. ஆடுகளத்தில் மட்டும் அந்நாட்டிற்கு வேறு பெயர்! ஓர் ஊரின் பெயரே அங்குப் போர்க்களமாகும். வடமேற்கிலுள்ள ஒரு நகருக்கு ஐரிசு மொழியில் ‘ஓக்கு மரச்சோலை’ எனப் பொருள்படும் பெயர். அதன் திரிபே தெர்ரி. 1613இல் இங்கிலாந்து அரசு அதன் முன்னே ‘இலண்டன்’ என்பதை ஒட்டி ‘இலண்டன்தெர்ரி’ ஆக்கிற்று. இன்றும் ஒருவர் அந்நகரைத் தெர்ரி என்கின்றாரா, இலண்டன்தெர்ரி என்கின்றாரா என்பதைக் கொண்டே அவருடைய சார்பை உய்த்துணர்வார் பலர்.

அந்நகரின் கால்பந்து அணியின் வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. கலகக் காலத்தில் பிற அணிகள் அந்நகருக்கு வந்தாட அஞ்சி மறுத்தன. தன் களத்திலேயே ஆடவியலாத தெர்ரி அணி 1972இல் வடபுறக் கூட்டிணைவை விட்டு விலகியது. பதின்மூன்று ஆண்டுகள் ஒதுங்கிநின்று, 1985இல் எல்லையைத் தாண்டித் தென்புறக் கூட்டிணைவிற் சேர்ந்தது. 1989இல் அங்கு மூன்று கோப்பைகளையும் ஒருசேர வென்றது. நகரம் பிரித்தானிய ஆட்சியின்கீழ்; அணியோ தபிளின் கழகத்தின்கீழ். நிலத்தை ஆள்வோர் வேறு, நெஞ்சை ஆள்வது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாட்டியின் நாடு

இனிக் குருதிவழி உரிமையைப் பார்ப்போம். 1845 முதற்கொண்டு உருளைக்கிழங்குப் பயிர் அழிந்ததால் அயர்லாந்தில் பெரும் பசிக்கொடுமை நேர்ந்தது. ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மடிந்தனர். மேலும் பத்து இலக்கம் மக்கள் கப்பலேறினர். அதன்பின்னும் நூறாண்டுக்கு மேலாக அத்தீவு தன் மக்களைப் பிறநாடுகளுக்கு இழந்துகொண்டே இருந்தது. இங்கிலாந்தின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கட்டடங்களிலும் உழைத்தோர் அவர்களே. அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் ஆங்கில ஒலிப்பில் பேசினர். ஆங்கிலக் கழகங்களில் ஆடினர்.

அயர்லாந்தில் பிறந்த பாட்டனோ பாட்டியோ உடையவர் ஐரிசுக் குடியுரிமை பெறலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். 1986இல் தென்னணியின் பயிற்றுநரான சாக் சார்ல்டன் அச்சட்டத்தை நன்கு பயன்கொண்டார். அவரே 1966இல் இங்கிலாந்து உலகக்கோப்பை வென்றபோது அவ்வணியில் ஆடிய ஆங்கிலேயர்! அவர் அணி 1988இல் செருமனியின் சுடுட்கார்ட்டு நகரில் இங்கிலாந்தை 1-க்குச் சுழி என வென்றது. அவ்வொரு பந்தையும் வலைக்குள் செலுத்தியவர் இரே கௌட்டன். பிறந்தது சுகாட்லாந்தின் கிளாசுகோ நகரில். தந்தையார் அயர்லாந்தின் தோனிகால் கோட்டத்தினர். 1990இல் அவ்வணி உலகக்கோப்பைக் காலிறுதியை எட்டியது.

‘பாட்டியைத் தேடிப் பிடித்த அணி’ என்று எள்ளினார் உண்டு. அவ்வெள்ளல் முற்றும் பொய்யன்று. இங்கிலாந்து அணியில் இடம் கிட்டாமையால் அயர்லாந்தை நாடியவரும் இருந்திருப்பர். ஆயினும் பசியால் துரத்தப்பட்ட மக்களின் பேரர்கள், துரத்தப்பட்ட மண்ணின் சட்டையை அணிந்து மீண்டமையில் ஒரு முறைமை உண்டு என்பதையும் மறுத்தலாகாது. கப்பலேறியவன் நாட்டை விட்டான், நாட்டினத்தை விட்டானல்லன்.

பிறப்புரிமை என்னும் சொல்

வடபுறத்தில் முப்பதாண்டுக் கலகம் மூவாயிரத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், 1998 ஏப்பிரல் 10ஆம் நாள் பெல்பாசுட்டில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதே ஆண்டு மே 22இல் தீவின் இருபகுதி மக்களும் வாக்களித்து அதனை ஏற்றனர். அவ்வுடன்படிக்கையின் ஒரு கூறு பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கது. வட அயர்லாந்து மக்கள் தம்மை ஐரிசு மக்கள் என்றோ, பிரித்தானியர் என்றோ, இருவருமென்றோ தாமே விரும்பியவாறு கொள்ளலாம். அது அவர்தம் பிறப்புரிமை. இரு குடியுரிமையையும் ஒருங்கே வைத்திருக்கலாம் என இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன.

‘நீ யார்?’ என்று அரசு சொல்லும் காலம் போய், ‘நான் இன்னான்’ என்று மாந்தன் சொல்ல, அரசு கேட்டுக்கொள்ளும் காலம் அங்கே வந்தது. நிலத்தின் ஆட்சி எவரிடம் இருப்பினும், நெஞ்சின் ஆட்சி அவரவர்க்கே என்பதே அதன் பொருள்.

தாளில் எழுதப்பெற்ற அவ்வுரிமை கால்பந்துக் களத்தில் செல்லுமா? இவ்வினா விரைவில் எழுந்தது. தெர்ரி நகரில் பிறந்து வடவணியின் இளையோர் பிரிவில் ஆடிய தாரன் கிப்சன், 2007இல் தென்னணிக்கு ஆடினார். வடகழகம் முறையிட்டது. பின்னர்ப் பெல்பாசுட்டில் பிறந்து வடவணியின் இளையோர் பிரிவுகளில் ஆடிய தானியல் கியர்ன்சு என்னும் இளைஞர் 2010இல் தென்கழகத்திற்கு மாறினார். வழக்கு, சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தை எட்டியது.

வடகழகத்தின் வாதம் இது: கியர்ன்சு தென்பகுதியில் பிறந்தவரல்லர், பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அங்குப் பிறந்திருத்தல் வேண்டும், அன்றி அவரேனும் அங்கு ஈராண்டு வாழ்ந்திருத்தல் வேண்டும், இன்றேல் அவர் தென்னணிக்கு ஆடலாகாது. பீபாவின் அன்றைய விதிகளில் அத்தகைய வரையறை இருந்தது என்பது மெய்யே. ஆயின் அது யார்க்கு உரியது? ஒரே குடியுரிமையால் பல கழகங்களுக்கு ஆடும் வாய்ப்புடையார்க்கு மட்டுமே உரியது. சான்றாக, பிரித்தானியக் குடியுரிமை உடையவர் இங்கிலாந்து, சுகாட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து என்னும் நான்கு கழகங்களுள் எதற்கு உரியர் என்று அக்குடியுரிமை மட்டும் காட்டாது. எனவே அவர்க்கு மண்தொடர்போ குருதித்தொடர்போ வேண்டும். ஐரிசுக் குடியுரிமையோ தபிளின் கழகம் ஒன்றற்கே வழிகாட்டுவது. ஆதலின் அவ்வரையறை கியர்ன்சுக்குப் பொருந்தாது. பிறப்பால் வாய்த்த ஐரிசுக் குடியுரிமையே அவர்க்குப் போதுமானது என்று 2010 செபுதம்பரில் தீர்ப்பளித்து, வடகழகத்தின் முறையீட்டைத் தள்ளியது மன்றம்.

வடகழகத்தின் நோவு

வென்றவர் பக்கமே நின்று பேசுதல் எளிது. தோற்றவர் நோவையும் எடைபோடுதலே நடுவுநிலைமை. வடகழகம் சிறிய கழகம். 6 கோட்டங்களே அதன் நிலம். சிறு அகவையிலிருந்து ஓர் இளைஞனைப் பயிற்றுகின்றது, பொருள் செலவிடுகின்றது, அவன் ஆளாகி வருங்கால் எல்லைக்கு அப்பாலுள்ள அணி அவனை அழைத்துக்கொள்கின்றது. இவ்வழி ஒருவழிப் பாதை. பெல்பாசுட்டிற் பிறந்தவர் தபிளின் அணிக்கு ஆடலாம்; வடபுறத்துப் பெற்றோரோ பாட்டனோ இல்லாத தபிளின் இளைஞர் பெல்பாசுட்டு அணிக்கு ஆடவியலாது. ‘பயிர் செய்தவன் ஒருவன், அறுவடை செய்பவன் வேறொருவன்’ என்று அவர்கள் புலம்பினால் அதனை வெறும் பொறாமை எனல் ஆகாது.

ஆயினும் இங்கொரு வினா எழும். பயிற்றிய செலவு பிறப்புரிமையை விலைக்கு வாங்கிவிடுமா? பள்ளியில் எழுத்தறிவித்த அரசு, அவ்வெழுத்தைக் கொண்டு மாணவன் எதனை எழுதவேண்டும் என்று ஆணையிடலாமா? செலவுக்கு ஈடு கேட்கலாம், அது முறை. செலவைக் காட்டி நெஞ்சைக் கேட்டல் முறையன்று.

இவ்வாளுக்கு இருபுறமும் கூர்மை உண்டு என்பதையும் மறத்தலாகாது. வடவரின் பிள்ளைகளை வரவேற்ற தென்கழகம், தன் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு இழந்தது. இலண்டனில் பிறந்து, ஐரிசுப் பாட்டன் பாட்டியையுடைய தெக்லன் இரைசு 2018இல் தென்னணிக்காக மூன்று நட்பாட்டங்கள் ஆடினார். 2019இல் இங்கிலாந்து அணிக்குச் சென்றார். நட்பாட்டம் கட்டுப்படுத்தாது என்பது விதி. தென்புற மக்கள் மனம் வெதும்பினர். ஆயினும் வடபுறத்து இளைஞனுக்கு எந்த உரிமையை அவர்கள் வேண்டினரோ, அதே உரிமையைத்தான் இலண்டன் இளைஞன் பயன்கொண்டான். நமக்கு ஆதாயமாங்கால் உரிமை, நமக்கு இழப்பாங்கால் இரண்டகம் என்று பேசுவோர் உரிமையை அறிந்தவரல்லர்.

விலைக்கு வாங்கும் நாட்டினம்

தேர்வுரிமை வேறு, விற்பனை வேறு. 2004இல் கத்தார் நாடு, தன்னோடு எத்தொடர்பும் இல்லாத பிரேசில் ஆட்டக்காரர் சிலர்க்குப் பெரும்பொருள் காட்டிக் குடியுரிமை தர முற்பட்டது. பீபா விழித்துக்கொண்டது. புதுக்குடியுரிமை பெறுவார்க்கு அந்நாட்டோடு தெளிந்த தொடர்பு வேண்டும். பிறப்போ, பெற்றோர் வழியோ, பாட்டன் வழியோ இல்லையேல் ஈராண்டு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. 2008இல் அதனைப் பதினெட்டு அகவைக்குப்பின் ஐந்தாண்டு என உயர்த்தியது. மாறும் உரிமையையும் சிறிது சிறிதாகத் திருத்தியது. 2004இல் இளையோர் பிரிவில் ஆடியவர் இருபத்தோரகவைக்குள் மாறலாம் என்றது. 2009இல் அவ்வகவை வரம்பை நீக்கியது. 2020இல், இருபத்தொன்றாம் அகவைக்குமுன் மூன்றுக்கு மேற்படாத முதன்மையாட்டங்களே ஆடியவர் மூன்றாண்டு கழித்து வேறணிக்கு மாறவும் வழிசெய்தது.

இவ்விதிகளின் உள்ளீடு யாது? மெய்யான உறவுடையவன் தன் நெஞ்சறிந்து தேர்க. உறவற்றவனைப் பொருள்கொண்டு வாங்கற்க என்பதே. காசுக்கு வாங்கிய சட்டை உடலை மூடும், உள்ளத்தை மூடாது.

வீட்டில் இடம் வேண்டும்

இனி, இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருவோம். வடபுறத்துக் கத்தோலிக்க இளைஞர் சிலர் ஏன் சென்றனர்? சட்டம் கதவைத் திறந்ததால் மட்டுமா? அன்று. 1982ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. முன்னாண்டில்தான் வடபுறச் சிறையில் பதின்மர் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்திருந்தனர், தெருவெங்கும் குருதி. அந்நாளில் வட அயர்லாந்து அணி இசுபெயின் நாட்டில் உலகக்கோப்பை ஆடியது. அணித்தலைவர் மார்ட்டின் ஓநீல், பந்துகாப்பாளர் பேட் செனிங்சு, முன்களவீரர் செரி ஆம்சுட்ராங்கு ஆகிய மூவரும் கத்தோலிக்கக் குடும்பங்களிற் பிறந்தோர். அவரோடு சீர்திருத்தக் கிறித்தவரும் தோளோடு தோள் நின்றனர். சூன் 25ஆம் நாள் வேலன்சியாவில், இசுபெயினின் தன் மண்ணிலேயே அவ்வணி அதனை 1-க்குச் சுழி என வென்றது. பந்தை உதைத்தவர் ஆம்சுட்ராங்கு. இடம் கிடைத்த வீட்டில் பிள்ளைகள் இருந்தனர். வீட்டுக்குப் புகழும் தேடினர்.

இருபதாண்டு கழிந்தபின் நிகழ்ந்ததைக் காண்க. இலர்கன் ஊரினரான நீல் இலெனன் வட அயர்லாந்துக்காக நாற்பது ஆட்டங்கள் ஆடியவர். கத்தோலிக்கர் போற்றும் கிளாசுகோவின் செல்டிக்கு அணியில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்தார். அது முதல் தம் நாட்டுக் களத்திலேயே தம் நாட்டார் சிலரால் இகழ்ந்து கூச்சலிடப்பட்டார். 2002 ஆகத்தில் சைப்பிரசை எதிர்த்து அணித்தலைவராகக் களம்புக இருந்த நாளில் அவர்க்குக் கொலைமிரட்டல் வந்தது. அவர் ஆடவில்லை, நாட்டணியிலிருந்தே விலகினார். தலைமையேற்க வந்தவனுக்கு உயிரச்சம் காட்டிய வீட்டில், அவன்பின் வரும் இளைஞன் எவ்வாறு இருப்பான்?

தெர்ரி நகரத்துக் கிரெகன் குடியிருப்பில் பிறந்த சேம்சு மெக்ளீன் அவ்வாறு வந்த இளைஞருள் ஒருவர். 1972 சனவரி 30ஆம் நாள் அந்நகரில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் அன்றே பதின்மூவர் மாண்டனர். அவருட் சிலர் கிரெகன் குடியிருப்பினர். அந்நினைவோடு வளர்ந்த மெக்ளீன் வடவணியின் இருபத்தோரகவைக்குட்பட்டோர் பிரிவில் ஆடி, 2012இல் தென்னணியில் களமிறங்கினார். வசைமொழிகளும் மிரட்டல்களும் அவர்மேற் பொழிந்தன. 2023இல் நாட்டணியினின்று ஓய்வுபெறும்வரை நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பச்சைச் சட்டை அணிந்தார். இருந்த இலெனனுக்கும் மிரட்டல். சென்ற மெக்ளீனுக்கும் மிரட்டல்! இருந்தாலும் பிழை, சென்றாலும் பிழை என்றால் அவ்விளைஞர்தாம் என் செய்வர்?

வடகழகத்தினரும் இதனை உணராமல் இல்லை. 2000ஆம் ஆண்டையொட்டி, ‘கால்பந்து அனைவர்க்கும்’ என்னும் முழக்கத்தோடு களத்தில் சமயப்பகைப் பாட்டுகளை ஒழிக்கும் பணியைத் தொடங்கினர், நற்பயனும் கண்டனர். ஆயினும் அவ்வணிக்கு முன்னே இசைப்பது பிரித்தானிய அரச வாழ்த்துப்பாட்டே. அப்பாட்டின்போது தலைகவிழ்ந்து நிற்கும் இளைஞனின் நெஞ்சை எந்த நடுவர் மன்றமும் திருப்பித் தரவியலாது.

இதே தீவின் இரக்பி ஆட்டத்தினர் வேறுவழி கண்டனர். நாடு பிளந்தபோதும் அவர்கள் பிளக்கவில்லை. வடவரும் தென்னவரும் இன்றுவரை ஒரே அயர்லாந்து அணியாக ஆடுகின்றனர். இருசாராரும் கூசாது பாடத்தக்க புதுப்பாட்டொன்றை 1995இல் இயற்றச்செய்தனர். இயற்றியவர் தெர்ரி நகரத்தவரான பில் கூல்ட்டர். பிரித்தானியரென உணர்வாரும் ஐரிசு மக்களென உணர்வாரும் தத்தம் உணர்வை இழவாமலே அவ்வொரு சட்டையை அணிகின்றனர்.

பெருமக்களே! இவற்றால் பெறப்படுவது யாது? மண் ஒருவனைப் பெறுகின்றது. குருதி அவனுக்கு உறவு தருகின்றது. பயிற்சி அவனுக்குத் திறன் தருகின்றது. ஆயினும் ‘இஃது என் நாடு’ என்னும் சொல்லை இம்மூன்றும் அவன் வாயில் திணிக்கவியலா. அதனை அவனே சொல்லல் வேண்டும். சொல்லும் உரிமையைச் சட்டம் காத்தல் வேண்டும். அயர்லாந்தில் அது காத்தது. அச்சொல் அன்போடு பிறக்கும் நிலையை உண்டாக்குதல் சட்டத்தின் வேலையன்று. அது வீட்டாரின் வேலை.

தன் மக்களுள் ஒரு பகுதியினரின் மொழியையும் பெயரையும் பண்ணையும் நினைவையும் புறந்தள்ளிவிட்டு, ‘என் அணியில் நில்’ என்று கட்டளையிடும் நாடு எதுவாயினும், அது கதவைப் பூட்டுவதனால் அவர்களை நிறுத்தவியலாது. திண்ணையில் இருத்தப்பட்டவன் வீட்டை விட்டுப் போனானென்று குறை சொல்வதற்குமுன், உள்ளே அவனுக்கு ஓர் இருக்கை இடப்பட்டதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன உணர்வுடையார்க்கும் இது பொருந்தும். தம்மினத்து இளைஞன் வேற்றுச் சட்டை அணிந்தான் என்று சினப்பதினும், அவன் விரும்பி அணியத்தக்க சட்டையை நெய்து வைத்தலே அவர்தம் கடன்.

கோடு நிலத்தின்மேற் கிழிக்கப்படுவது. ஏறத்தாழ முந்நூறு கல் தொலைவு அது அயர்லாந்தில் வளைந்து வளைந்து ஓடுகின்றது. வயலைப் பிரித்தது, சாலையைப் பிரித்தது, கழகத்தையும் பிரித்தது. நெஞ்சை மட்டும் அது இன்றுவரை பிரிக்கவில்லை!